காகமும் பனம்பழமும்

மழைக்கால விடியலிலே புறப்பட மறுக்கும் மோட்டார் வண்டியைப் பற்றிப் பண்டிதன் எழுதுவதா என்று நகைப்பார் சிலர் இருக்கலாம். நகைக்கட்டும். ஆண்டுதோறும் யான் மாணவர்க்கு ஓதிவந்த தருக்கத்தை எனக்கு ஓதியது அந்த வண்டிதான்.

என்னிடம் உள்ளது பழைய மொறிஸ் மைனர். 1948 இல் இங்கிலாந்திலே தோன்றிய இனம். யாழ்ப்பாணத்து வீதிகளில் அவ்வினம் இன்னும் அற்றுப்போகவில்லை. கோடையில் அது குறைகூற இடம் வையாது. வடகீழ்ப் பருவமழை தொடங்கினாலோ, எந்திரம் சுழலும். உயிர் மட்டும் வாராது.

சென்ற ஆண்டு கார்த்திகையில் ஒருநாள் அதனைக் கட்டியிழுத்துத் திருத்துமிடம் ஒன்றிற் சேர்த்தேன். பார்த்தவர் பற்றறி பழுது என்றார். பிளக்குகளும் பழுது என்றார். இரண்டும் ஒருங்கே மாற்றப்பட்டன. அதற்குள் உச்சிவெயில் எறித்தது. வண்டி உறுமிப் புறப்பட்டது. பணத்தைக் கொடுத்ததோடு அமையாது, அவரைப் பாராட்டியும் வந்தேன். அடுத்த மழை விடியலில் வண்டி பழையபடி நின்றது.

அயலிலே முதியவர் ஒருவர் இருக்கிறார். 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்திலே, சிறிது பெற்றோலைக் காட்டி எந்திரத்தை எழுப்பி, பின்பு மண்ணெண்ணெயில் ஓடவிட்ட தலைமுறையைச் சேர்ந்தவர். வந்தார், ஸ்ராட்டரை இயக்கச் சொன்னார், கேட்டார்.

"வாத்தியார், எஞ்சின் நல்லாச் சுத்துதே. பிறகேன் பற்றறியில பிழை பிடிச்சனியள்?"

வெட்கமாயிருந்தது. விரைந்து சுழல்வதே பற்றறி நன்றென்பதற்குச் சான்றன்றோ! அடுத்துப் பெற்றோல் வருகிறதா என்று பார்த்தார், வந்தது. பின் பிளக் ஒன்றைக் கழற்றி, வயரோடு எந்திர இரும்பிற் பொருந்த வைத்துச் சுழற்றச் செய்தார். பொறி எழவில்லை. இப்பொழுதுதான் டிஸ்ரிபியூட்டரின் மூடியைத் திறந்தார். உள்ளே பனி படர்ந்தாற்போல மெல்லிய ஈரம். உலர்ந்த துணியால் மூடியையும் வயர்களையும் துடைத்து மூட்டினார். வண்டி உடனே புறப்பட்டது.

அவர் அவ்வளவில் நிற்கவில்லை. எந்திரத்தை நிறுத்தி, மூடியின் உட்புறத்தை ஈரவிரலால் தடவி மீண்டும் மூட்டினார். புறப்படவில்லை. துடைத்தார், புறப்பட்டது. ஈரம் உள்வழிக் குற்றம் உண்டு, இல்வழி இல்லை. அந்நுவயம், வெதிரேகம் என்று யான் கரும்பலகையில் எழுதுவதை அவர் கந்தைத்துணி கொண்டு காட்டினார்.

காரணம் எளிது. பற்றறியின் 12 வோல்ற்றைக் கொயில் பல்லாயிரம் வோல்ற்றாக உயர்த்துகிறது. அத்துணை வலிய மின் எளிய வழியையே நாடும். மூடி உலர்ந்திருந்தால் பிளக்குக்குச் சென்று பொறியாகும். தூசியும் ஈரமும் படிந்திருந்தால் அவற்றின்மேல் ஊர்ந்து எந்திர உடலிற் கசிந்துபோகும். மூடியில் மயிரிழை வெடிப்பு இருப்பின், துடைத்தல் அன்றைக்கு மட்டுமே உதவும்; மூடியை மாற்றவே வேண்டும்.

எனவே அன்று வண்டியை எழுப்பியது புதுப் பற்றறி அன்று, வெயில். காகம் இருக்கப் பனம்பழம் விழுந்தது. யானோ காகத்துக்குக் கூலி கொடுத்தேன்.

இன்றைய வண்டிகள் பெரும்பாலானவற்றில் டிஸ்ரிபியூட்டர் இல்லை. டீசல் எந்திரத்துக்குப் பொறியே வேண்டா. அவற்றுக்கு இம்மருந்து பொருந்தாது என்பர். மெய்தான். யான் வற்புறுத்துவது மருந்தையன்று, நாடும் முறையை. ஒவ்வொன்றாகச் சோதித்து விலக்குக. ஒருகாலத்தில் ஒன்றையே மாற்றுக. குணம் கண்டபின்பும், கண்ட காரணம் மெய்யோ என்று மறுத்துப் பார்க்க.

இம்முறை நம்மிடம் எங்கே இருக்கிறது? பரீட்சையில் தவறிய பிள்ளைக்கு ஆசிரியரையும் பாடநூலையும் ஒருங்கே மாற்றுகிறோம். தேறினால், எதனால் தேறினான் என்பது எவர்க்கும் தெரியாது. இரு நூல்களில் ஒரு தொடர் ஒத்துவரின், ஒன்று மற்றதைப் பார்த்து எழுதியது என்று முடிவுகட்டுகிறோம். இரண்டுக்கும் பொதுவான வேறொரு மூலம் இருந்திருத்தல் கூடாதா என்று கேட்பதில்லை. தருக்கம் படியாதவர் இவ்வாறு செய்தால் பொறுக்கலாம். மலையில் நெருப்புண்டு, புகை உண்மையால் என்று மனனஞ்செய்து நிறைபுள்ளி பெற்றவர்களும் செய்கிறோமே! பிழை நூலில் இல்லை. நூலை வகுப்பறைக்கு வெளியே கொண்டுசெல்லாத எம்போல்வாரிடத்தே இருக்கிறது.

இப்போது என் வண்டியில் எப்போதும் உலர்ந்த துணியொன்று இருக்கிறது. இவ்வாண்டு தருக்க வகுப்பிலே யான் சொல்லப்போகும் முதல் உதாரணமும் புகையும் மலையும் அன்று, மூடியும் ஈரமுமே.