சாவும் சமயமும்

சாவுக்கு அஞ்சியே மனிதன் கடவுளை நம்புகிறான் என்பார் பலர். எனக்கு அது பாதி உண்மையாகவே படுகிறது. நம் தென்காசிக் கோயிலை 15-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தில் அதற்குக் குறை நேர்ந்தால் சீர்செய்து காப்போரைத் தான் வணங்குவதாகக் கல்லில் வெட்டி வைத்தான். தன் சாவை அறிந்தவன் சொல் அது. ஆனால் அதில் அவன் கேட்டது தன் உயிரையன்று. நெடுங்காலம் சிதைந்து நின்ற கோபுரம் 1990-இல் மீண்டும் எழுந்தது!

நேசித்தது தன்னோடு முடிந்துவிடக் கூடாதே என்ற தவிப்புத்தான் மறுபாதி என்பேன். அரசனுக்கு மட்டுமா அது? ஆடி அமாவாசையன்று குற்றாலத்தில் நீராடி எள்ளும் நீரும் இறைப்போரைக் கேளுங்கள். நவம்பர் 2 அன்று கல்லறையில் மெழுகுதிரி ஏற்றும் நம் தாய்மாரையும் கேளுங்கள். தம் சாவைப் பற்றி அவர்கள் பேசுவதில்லை. அப்பாவுக்காக, ஆச்சிக்காக, பெயர் வைக்குமுன் போய்விட்ட பிள்ளைக்காக வந்தோம் என்பார்கள்.