விமர்சகருக்குச் சம்பளம் தருவது யார்?

மைசூரில் கூலி வேலை செய்யும் தமிழருக்கும் சரி, குமாஸ்தா வேலை பார்க்கும் தமிழருக்கும் சரி, வாரத்தில் ஒரு நாள்தான் ஓய்வு. அன்று மனைவி மக்களோடு தமிழ்ப்படம் பார்க்கப் போனால், ஒரு நாள் சம்பளம் அதிலேயே கரைந்துவிடும். படம் மோசம் என்று இடைவேளையில் தெரிந்து என்ன பயன்? டிக்கெட் காசு திரும்பி வராது.

அதனால்தான் விமர்சகர் தேவைப்படுகிறார்.

படம் வெளியான முதல் மூன்று நாட்களுக்கு விமர்சனமே கூடாது என்று தமிழ்ப்பட அதிபர்கள் சங்கம் ஒன்று 2024 டிசம்பரில் சென்னை ஐகோர்ட்டுக்குப் போனது. இடைக்காலத் தடை விதிக்கக் கோர்ட்டு மறுத்துவிட்டது. விமர்சிப்பது கருத்துரிமை என்றும் சுட்டிக்காட்டியது.

நல்ல முடிவு. ஆனால், விமர்சகரின் வாயைக் கட்டக் கோர்ட்டு உத்தரவு தேவையில்லை. வயிற்றில் அடித்தாலே போதும். பத்திரிகைக்குப் பட விளம்பரம் வேண்டும். விமர்சகருக்குப் பத்திரிகை வேலை வேண்டும். யூடியூப் வந்த பிறகு, காசு வாங்கிக்கொண்டு புகழ்கிறவர்களும் முளைத்துவிட்டார்கள்.

துணிந்து எழுத அறிவு மட்டும் போதாது. சோறு போடும் இடம் வேறாக இருக்க வேண்டும்.

தியடோர் பாஸ்கரன் இதற்கு நல்ல உதாரணம். 1940-ல் தாராபுரத்தில் பிறந்தவர். தபால் இலாகாவில் அதிகாரியாகச் சேர்ந்து, தமிழ்நாட்டின் தலைமை போஸ்ட்மாஸ்டர் ஜெனரலாக உயர்ந்து ஓய்வு பெற்றவர். பின்னர் பெங்களூரில் குடியேறினார்.

உத்தியோகத்தில் இருந்தபோதே அவர் தமிழ் சினிமாவை ஆராய்ந்தார். சுதந்திரப் போராட்டத்தில் நாடகமும் சினிமாவும் ஆற்றிய பங்கு பற்றிய அவரது ஆங்கில நூல் 1981-ல் வெளிவந்தது. 1996-ல் வந்த இன்னொரு நூல், சினிமா பற்றிய சிறந்த புத்தகத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. சினிமா காட்சியால் பேச வேண்டும், வசனத்தையே நம்பி இருக்கக்கூடாது என்று இடைவிடாமல் வற்புறுத்தியவர் அவர். எந்தப் பட அதிபரின் தயவும் அவருக்குத் தேவைப்படவில்லை. சம்பளம் தபால் இலாகாவிலிருந்து வந்தது.

ஆனால், எல்லோரும் அப்படிச் செய்ய முடியுமா? வெள்ளிக்கிழமை மூன்று நான்கு படங்கள் வெளியாகின்றன. பகல் முழுவதும் ஆபீசில் இருப்பவர் அத்தனையும் பார்த்து மறுநாளே எழுத முடியாது. ஆராய்ச்சியை ஓய்வு நேரத்தில் செய்யலாம். வாராவாரம் எழுதும் விமர்சனம் முழுநேரத் தொழில்.

ஆகவே, பத்திரிகைகள் விமர்சகருக்கு ஒழுங்கான மாதச் சம்பளம் தர வேண்டும். டிக்கெட் காசையும் பத்திரிகையே கொடுக்க வேண்டும். விளம்பரப் பிரிவினர் விமர்சனத்தில் தலையிடக் கூடாது. விமர்சகரும் பட கம்பெனியிடம் கை நீட்டக் கூடாது.

வாசகருக்கும் பொறுப்பு உண்டு. தன் அபிமான நடிகரைக் குறை சொல்லிவிட்டார் என்பதற்காக விமர்சகரை ஏசக்கூடாது. பத்திரிகைக்குக் கொடுக்கும் காசில் விமர்சகரின் சம்பளமும் அடங்கியிருக்கிறது. அந்தக் காசுக்கு உண்மையைக் கேட்டு வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.