பெயரளவில் பன்னிரண்டு

12 வோல்ட் சோலார் பேனலை 12 வோல்ட் பேட்டரியோடு நேரே இணைத்துவிட்டால் போதும், இரண்டும் சமமாயிருக்கையில் இடையில் சார்ஜ் கன்ட்ரோலர் வீண் செலவு என்பது பலரது வாதம்.

1. எது சமம்? 36 செல்கள் கொண்ட அந்தப் பேனல், நல்ல வெயிலில் சுமையின்றி நிற்கும்போது 21 வோல்ட்டுக்கு மேலும், உச்ச சக்தியைத் தரும்போது ஏறத்தாழ 18 வோல்ட்டும் காட்டும். 12 என்பது வகையைக் குறிக்கும் நாமதேயமே.

2. பேட்டரி அந்த அழுத்தத்தைத் தன்னளவுக்கு இறக்கிவிடும் என்பார்கள். உண்மைதான், ஆனால் சார்ஜ் நிறையும்வரை மட்டுமே. அதன்பின் ஈய அமில பேட்டரியின் அழுத்தம் சுமார் 14.4 வோல்ட்டைக் கடந்து ஏற ஏற, உள்ளிருக்கும் நீர் ஹைட்ரஜனாகவும் ஆக்ஸிஜனாகவும் பிரிந்து, அமிலம் கொப்பளித்து, மட்டம் தாழ்ந்து, தகடுகளின் மேல்விளிம்பு வறண்டு வெளித் தெரியும். மூடி முத்திரையிட்ட பேட்டரியில் அந்த நீரை எவர் திரும்ப ஊற்றுவது?

3. இரவில் மின்சாரம் பேனலுக்குத் திரும்பாதிருக்க டயோடு போதுமே என்பார்கள். டயோடு திசையை அறியும், நிறைவை அறியுமா?

4. 100 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு ஓர் ஆம்பியருக்கு மேற்படாத சிறு பேனலை நேரே இணைப்பதால் பெரும்பாலும் தீங்கில்லை. விதிவிலக்கை விதியாக்குவது எந்தத் தர்க்கம்?

கன்ட்ரோலரின் விலையை நுணுக்கமாகக் கணக்கிடும் இவர்கள், அகாலத்தில் மாண்டுபோகும் பேட்டரியின் விலையை எந்தக் கணக்கில் எழுதுகிறார்கள்?