கிரானைட் மேடையும் கொஞ்சம் கருவாடும்

மூணு மாசமா எங்க வீட்டுக்கு வர்றவங்க எல்லாரும் நேரா சமையல்கட்டுக்குப் போய் புது மேடையைத் தடவிப் பாக்கறாங்க. அடுத்த கேள்வி, "சதுர அடி என்ன விலை?" அதுக்கடுத்த கேள்வி, "கறை புடிக்குமா?" இந்த ரெண்டையும் தாண்டி மூணாவதா ஒரு கேள்வியை இதுவரைக்கும் ஒருத்தர்கூட கேக்கலை. அந்த மூணாவது கேள்விக்காகத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் சூடாத்தான் இருக்கும். மேடை போட்டவங்க, போடப்போறவங்க, கடைக்காரங்க எல்லாரும் மன்னிக்கணும். மன்னிக்கலைன்னாலும் பரவாயில்லை.

எங்க ஊர் கனகசெட்டிக்குளம். தெரியாதவங்களுக்கு: புதுச்சேரியிலேர்ந்து ஈ.சி.ஆர்.ல வடக்கே போனா, காலாப்பட்டு பல்கலைக்கழகத்தைத் தாண்டி, தமிழ்நாட்டு எல்லைக்கு முன்னாடி வர்ற ஊர். ஒரு பக்கம் ரோடு, ஒரு பக்கம் கடல். மதியம் கடல் காத்து ஆரம்பிச்சா கொடியில போட்ட துணி நிக்காது. இந்தக் காத்தை ஞாபகத்துல வச்சுக்குங்க, பின்னாடி வரும்.

எங்க பழைய மேடை கடப்பா கல்லு. இருபது வருஷம் உழைச்சுது. ஓரமெல்லாம் பேந்து, புளித்தண்ணி பட்ட இடமெல்லாம் வெளுத்துப் போச்சு. "இந்த தீபாவளிக்குள்ள மாத்தலைன்னா நான் சமைக்க மாட்டேன்"னு தங்கமணி அறிவிப்பு விட்டாங்க. சரின்னு கிளம்பினோம்.

கடையில ஒரு தம்பி எங்களைப் பாத்ததும், "குவார்ட்ஸ் போடுங்க சார், கறையே புடிக்காது, ஃபாரின்ல எல்லாம் இதுதான்"னு ஆரம்பிச்சாரு. விலை கேட்டதும் எனக்கு இருமல் வந்துடுச்சு. கடைசியில கிருஷ்ணகிரிப் பக்கத்துலேர்ந்து வர்ற, லேசா ஊதாவும் ரோஸும் கலந்த கிரானைட்டுல வந்து நின்னோம். சதுர அடிக்குப் பத்து ரூபா குறைக்க முக்கால் மணி நேரம் பேரம் பேசினேன். சிங்க்குக்கு வெட்டி எடுக்கிற துண்டுக்கும் சேர்த்து காசு போட்டிருந்தாங்க, அதுக்கு ஒரு சண்டை. ஓரத்துக்கு சாதா பாலிஷா, அரை வட்டமா, முழு வட்டமான்னு கேட்டாங்க. தங்கமணி முழு வட்டம்னாங்க. அதுக்கு அடிக்கணக்கில தனி ரேட்டு. அதுக்கும் பேரம்.

இவ்வளவு பேரம் பேசினவன், அந்தக் கல்லை எப்படி வெட்டுவீங்கன்னு ஒரு வார்த்தை கேக்கலை. கேக்கணும்னு தோணவே இல்லை. அதான் மூணாவது கேள்வி.

மறுநாள் மேஸ்திரியும் கூட ரெண்டு பசங்களும் வந்தாங்க. வாசல்ல ரெண்டு கட்டையைப் போட்டு ஸ்லாப்பைச் சாய்ச்சு வச்சு, கையில புடிக்கிற நாலு இஞ்சு கட்டிங் மெஷினை ஓட விட்டாங்க. தண்ணி கிடையாது, ஒண்ணும் கிடையாது. ரெண்டு நிமிஷத்துல வாசலே தெரியலை. வெட்டின பையனுக்கு இருபது வயசு இருக்கும். மூக்கைச் சுத்தி ஒரு கர்ச்சீஃப். நான் என்ன செஞ்சேன் தெரியுமா? உள்ள போய் ஜன்னலைச் சாத்திக்கிட்டேன். வீட்டுக்குள்ள தூசி வரக்கூடாதுல்ல!

மதியம் கடல் காத்து ஆரம்பிச்சுது. அரை மணி நேரத்துல பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்தாங்க. "என்னா தம்பி இது, காய வச்ச கருவாடு பூரா கல்லுத்தூளு! இதை எவன் வாங்குவான்?" நியாயமான கோபம். நான் கைகூப்பினேன், மேஸ்திரி கைகூப்பினாரு. கருவாட்டுக்கு ஒரு தொகை பேசி முடிச்சோம். அக்கா சமாதானமாகி, போற போக்குல அந்தப் பையனைப் பாத்து, "என்னாடா இது, கிழவனாட்டம் இருக்கே"ன்னு சிரிச்சாங்க. அப்பத்தான் நான் அவனைச் சரியாப் பாத்தேன். புருவம், இமை, தலைமுடி எல்லாம் வெள்ளை. அவனும் சிரிச்சான். கர்ச்சீஃபை எடுத்து உதறி, திரும்பக் கட்டிக்கிட்டான்.

கருவாட்டுக்கு நியாயம் கேக்க ஆள் இருந்துச்சு. நஷ்டஈடும் கிடைச்சுது. அந்தப் பையனோட நுரையீரலுக்கு நியாயம் கேக்க அந்த வாசல்ல ஒருத்தரும் இல்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்றேன்.

சரி, விஷயத்துக்கு வர்றேன்.

கிரானைட்டுல சுமாரா மூணுல ஒரு பங்கு குவார்ட்ஸ், அதாவது படிக சிலிக்கா. கல்லுக்குக் கல்லு இது மாறும். மேடையா இருக்கிறவரைக்கும் அதால ஒரு கெடுதலும் கிடையாது, தோசை மாவை அதுமேலயே கொட்டினாலும் ஒண்ணும் ஆகாது. வெட்டும்போதும் தேய்க்கும்போதும் வர்ற தூள்லதான் வினை. நாம கண்ணால பாக்கிற வெள்ளைத் தூசி பெருசு, மூக்குலயும் தொண்டையிலயும் நின்னுடும். அதுகூட கலந்து வர்ற, கண்ணுக்கே தெரியாத நுண்துகள்தான் நுரையீரலோட அடி வரைக்கும் போகுது. நம்ம தலைமுடியோட கனத்துல பத்துல ஒரு பங்குக்கும் கம்மியான துகள் அது. கர்ச்சீஃப் அதுக்குக் கோழிக்கூட்டு வலை மாதிரி. போன துகள் வெளிய வராது. அதைச் சுத்தி நுரையீரல் தழும்பு கட்டிக்கிட்டே போகும். மூச்சு வாங்கும். வேலையை விட்டாலும் நிக்காம வளரும். பேரு சிலிக்கோசிஸ். குணமாக்க மருந்து இல்லை. இந்தத் தூசி புற்றுநோய் உண்டாக்கும்னு சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1997-லயே முதல் பிரிவுல சேர்த்தாச்சு. காசநோய் வர்ற வாய்ப்பையும் கூட்டும். நம்ம ஊர்ல பலருக்கு டிபின்னு மருந்து கொடுத்தே காலம் போயிடுது.

இது புது நோய் ஒண்ணும் இல்லைங்க. கோலார் தங்கவயலுக்கு நம்ம வட ஆற்காடு, தர்மபுரி ஜனங்க கும்பல் கும்பலா வேலைக்குப் போனாங்களே, அங்க சுரங்கத்தொழிலாளிகளோட நெஞ்சை 1940-கள்லயே டாக்டருங்க படம் புடிச்சுப் பதிவு பண்ணின நோய் இது. சுரங்கம் 2001-ல மூடினாங்க. நோய் மூடலை, சுரங்கத்துலேர்ந்து நம்ம வாசலுக்கு வந்துடுச்சு. அங்கயாவது கம்பெனின்னு ஒண்ணு இருந்துது, கேஸ் போட, நஷ்டஈடு கேக்க. இங்க கம்பெனி யாரு? நான்தான். நீங்கதான்.

இப்ப அந்த "கறையே புடிக்காத" குவார்ட்ஸைப் பாப்போம். அது மலையிலேர்ந்து வெட்டின கல்லு இல்லை. குவார்ட்ஸைப் பொடி பண்ணி, ரெசினும் சாயமும் சேர்த்து அமுக்கிச் செய்யற பலகை. சாதாரணமா அதுல 90 சதவீதத்துக்கு மேல சிலிக்கா. கிரானைட்டைப் போல மூணு மடங்கு! இதை வெட்டினவங்களுக்கு இஸ்ரேல், ஸ்பெயின், ஆஸ்திரேலியா, அமெரிக்கான்னு எல்லா இடத்துலயும் முப்பது, நாப்பது வயசுலயே நுரையீரல் போயிருக்கு. நுரையீரல் மாத்து அறுவை வரைக்கும் போயிருக்காங்க. ஆஸ்திரேலியாக்காரங்க எல்லா பாதுகாப்பும் சொல்லிப் பாத்தாங்க, கட்டுப்படலை. 2024 ஜூலை 1-லேர்ந்து அந்தப் பலகையைத் தயாரிக்க, விக்க, வெட்ட, பொருத்த எல்லாத்துக்கும் தடை போட்டுட்டாங்க. "ஃபாரின்ல எல்லாம் இதுதான்"னு சொல்ற தம்பிகளுக்கு இந்த ஃபாரின் சேதியையும் யாராவது சொல்லுங்கப்பா.

இதை நான் சொந்தக்காரங்க, ஃபிரெண்ட்ஸ்கிட்ட எல்லாம் சொல்லிப் பாத்தேன். வந்த பதில்களும், அதுக்கு என் பதில்களும்:

1. "அவங்களுக்குப் பழகிடுச்சுப்பா."
மனசு பழகும், நுரையீரல் பழகாது. இந்த நோயோட வஞ்சகமே அதான். பல வருஷம் ஒண்ணும் தெரியாது. தெரியும்போது எல்லாம் முடிஞ்சிருக்கும். அதுக்குள்ள அவன் நூறு வீட்டுக்கு மேடை போட்டிருப்பான். எந்த வீட்டுத் தூசின்னு எப்படிச் சொல்றது? நூறு பேரும் தப்பிச்சாச்சு.

2. "மாஸ்க் கொடுத்தா அவனே கழட்டிடறான்."
மே மாசத்துல பாண்டி வெயில்ல மாஸ்க் போட்டு ஒரு மணி நேரம் மெஷின் புடிச்சுப் பாருங்க, நீங்களும் கழட்டுவீங்க. அதனாலதான் மாஸ்க் ரெண்டாவது. முதல்ல தூசியே கிளம்பக்கூடாது. அதுக்குத் தண்ணி.

3. "தண்ணி ஊத்தினா கரண்ட் அடிக்கும்."
இதுதான் எங்க மேஸ்திரி சொன்னதும். நூத்துக்கு நூறு நியாயமான பயம். ஆனா இதுக்கு வழி இருக்கு. பல கட்டிங் மெஷின்ல பிளேடுமேல தண்ணி விழற மாதிரி டியூப் மாட்ட வசதி உண்டு, மாட்டறவங்கதான் இல்லை. மெஷினுக்குப் போற லைன்ல 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கணும். ஒயர்ல ஒட்டு இருக்கக்கூடாது. ஜாயின்ட்டெல்லாம் தரையில கிடக்காம மேல தொங்கணும். வீட்டுக்காரன் செய்ய வேண்டிய வேலை இது, தொழிலாளி தலையில கட்டற வேலை இல்லை.

4. "இதெல்லாம் கவர்மென்ட் பாக்கணும்."
பாக்கணும்தான். 1948 தொழிற்சாலைச் சட்டத்துலயே சிலிக்கோசிஸைத் தகவல் தெரிவிச்சே ஆகவேண்டிய நோயாச் சேர்த்திருந்தாங்க. ராஜஸ்தான் 2019-ல தனிக் கொள்கையே போட்டு, சான்றிதழ் வாங்கின நோயாளிக்கு 3 லட்சம், இறந்துட்டா குடும்பத்துக்கு 2 லட்சம்னு கொடுத்துது. நல்ல விஷயம்தான், ஆனா அது நோய் வந்த பிறகு. உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்ட்ல இந்த நோய் விஷயத்தைக் கண்காணிக்கச் சொல்லி பசுமைத் தீர்ப்பாயத்துக்கே உத்தரவு போட்டிருக்கு. சரி. பசுமைத் தீர்ப்பாயம் கனகசெட்டிக்குளத்துல என் வீட்டு வாசலுக்கு வருமா? தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வருவாரா? அந்த ரெண்டு நாளைக்கு என் வாசல்தான் தொழிற்சாலை, நான்தான் முதலாளி. கூலி கொடுக்கும்போது மட்டும் முதலாளி, தூசி பறக்கும்போது நான் வெறும் கஸ்டமர்னா அது என்ன நியாயம்?

5. "அப்ப அவன் பொழப்பு?"
மேடையே போடாதீங்கன்னு நான் சொல்லலையே. தண்ணி விட்டு வெட்டச் சொல்றேன். அதுக்கு நேரம் கூட ஆகும், அந்தக் கூலியை நாம கொடுக்கணும்ங்கிறேன். பொழப்பு கூடத்தான் செய்யும்.

நான் என்ன பண்ணினேன்னு கேப்பீங்க. முதல் நாள் போனது போனதுதான், அதுக்குப் பரிகாரம் இல்லை. ரெண்டாம் நாள் காலையில மேஸ்திரிகிட்ட, "தண்ணி இல்லாம இனிமே ஒரு இஞ்சு வெட்டக்கூடாது மேஸ்திரி"ன்னேன். அவரு என்னை ஒரு மாதிரி பாத்தாரு. "இன்னா சார், முப்பது வருஷமா இப்படித்தான் வெட்றோம். சேறு ஆவும், ஒரு நாள் இழுக்கும்"னாரு. இழுக்கட்டும், அந்த ஒரு நாள் கூலி மூணு பேருக்கும் நான் தர்றேன்னு சொன்னேன். எலக்ட்ரீஷியன் வந்து லைனைச் சரி பண்ணினாரு. வாசல் முழுக்க சேறாச்சு. தங்கமணி திட்டினாங்க. பக்கத்து வீட்டுக் கருவாடு பத்திரமா காஞ்சுது.

வேலை முடிஞ்சு போகும்போது மேஸ்திரி சொன்னது இன்னும் காதுல இருக்கு. "எங்கண்ணன் இதே வேலைதான் சார். ரெண்டு வருஷமா மாடிப்படி ஏற முடியலை. டிபின்றாங்க." அவருக்கு எல்லாம் தெரியும்னு அப்பத்தான் எனக்கு உறைச்சுது. தெரிஞ்சும் முப்பது வருஷமா தண்ணி இல்லாம வெட்டறாருன்னா, தண்ணி விட்டா ஆகிற அந்த ஒரு நாள் கூலியை எந்த வீட்டுக்காரனும் தர்றதில்லை. அவ்வளவுதான் காரணம். அண்ணனுக்கு எங்க என்ன வேலைன்னு சொல்லி மார்பு எக்ஸ்ரே எடுத்துப் பாக்கச் சொன்னேன். போனாரான்னு தெரியலை.

மேடை போடப்போறவங்களுக்கு நாலே விஷயம்:

அளவை முன்னாடியே முடிவு பண்ணுங்க. சிங்க்கும் அடுப்பும் வாங்கி வச்சுட்டு அளவெடுத்து, முடிஞ்ச அளவு கடைப் பட்டறையிலயே தண்ணி மெஷின்ல வெட்டி வாங்குங்க. வீட்டுல பொருத்தற வேலை மட்டும் மிச்சம் இருக்கட்டும். பட்டறையில தண்ணி ஓடுதான்னு நேர்ல போய்ப் பாருங்க.

ஓரத்துக்கு முழு வட்டம், அலங்காரம் எல்லாம் வேண்டாம். அது பூரா தேய்ச்சு எடுக்கிற தூசி. லேசா முனை மழுக்கினா போதும். எங்க வீட்டு முழு வட்டத்தை இதுவரைக்கும் ஒரு விருந்தாளியும் கவனிக்கலை.

கறுப்பு நிறம் புடிச்சா யோசிங்க. கடையில கறுப்பு கிரானைட்னு விக்கிறதுல பெரும்பாலானது கிரானைட்டே இல்லை, டோலரைட் மாதிரி வேற வகைப் பாறை. அதுல குவார்ட்ஸ் ரொம்பக் கம்மி. ஆனாலும் தண்ணி விட்டுத்தான் வெட்டணும். செயற்கை குவார்ட்ஸ் பக்கமே போகாதீங்க.

வெட்டற ஆளுக்கு என்95 மாஸ்க் நீங்களே வாங்கிக் கொடுங்க. காஞ்ச தூளை விளக்குமாறு போட்டுப் பெருக்க விடாதீங்க, கழுவி விடச் சொல்லுங்க. கடைசியில பெருக்கறது பெரும்பாலும் சித்தாள் அம்மாதான், அவங்களுக்கு ஒரு கர்ச்சீஃப்கூட இருக்காது.

கடையில பத்து ரூபாய்க்கு முக்கால் மணி நேரம் பேசினேனே, அதுல அரை நிமிஷம் போதும்: "தண்ணி விட்டு வெட்டுவீங்களா, அதுக்கு எவ்ளோ கூட ஆகும்?" இதைக் கேட்டு, கேட்ட காசைக் கொடுத்துட்டு வாங்க.

பி.கு: மேடை நல்லாத்தான் இருக்கு. கறை புடிக்கலை. எனக்குத்தான் அந்த முதல் நாள் வெட்டின பக்கத்துல, சிங்க்குக்கு இடதுபுறம், கை வைக்கும்போதெல்லாம் அந்த வெள்ளைப் புருவம் ஞாபகம் வருது.