சின்னக் கைக்கு ஒரு பட்டை

‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021-இல் தொடங்கியதிலிருந்து, தமிழ்நாட்டில் பிரஷர் பார்ப்பது வீட்டுத் திண்ணைக்கே வந்துவிட்டது. தாத்தாவுக்குப் பார்க்கிறார்கள், பாட்டிக்கும் பார்க்கிறார்கள். பக்கத்திலேயே சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்துக்கொண்டிருக்கும் பேரனின் கையில் யாரும் பட்டை சுற்றுவதில்லை. திட்டத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. அதன் பிரஷர் பரிசோதனை பெரியவர்களுக்கென வகுக்கப்பட்டது. பிள்ளைகளுக்குப் பார்ப்பது யார் வேலை?

மூன்று வயதிலிருந்து ஆண்டுக்கொரு முறை ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்கிறது, அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதல். நம் ஊரில் காய்ச்சலோடு வரும் பிள்ளைக்கு எடை பார்ப்பார்கள், தொண்டை பார்ப்பார்கள். பிரஷர் கருவி பெரும்பாலும் மேசையிலேயே கிடக்கும். அலட்சியம் மட்டும் காரணமல்ல. பெரியவர்களின் பட்டையைச் சின்னக் கையில் சுற்றினால் அளவைக் குறைத்துக் காட்டும். குண்டான கையில் சிறிய பட்டை கூட்டிக் காட்டும். பதின்மூன்று வயதுக்குக் கீழே 120/80 என்ற கணக்கும் செல்லாது. வயது, பாலினம், உயரம் பார்த்து அட்டவணையில் தேட வேண்டும். ஊசிக்குப் பயந்து அழும் குழந்தைக்கு அழுத்தம் எகிறத்தான் செய்யும். அதனால் வெவ்வேறு நாள்களில் மூன்று முறை பார்த்த பிறகே முடிவுக்கு வர வேண்டும்.

இத்தனை சிரமம் எதற்கு? சின்னஞ்சிறு குழந்தைக்கு அழுத்தம் கூடினால் பின்னால் சிறுநீரகக் கோளாறோ, பிறவியிலேயே குறுகிப்போன பெருந்தமனியோ ஒளிந்திருக்கக்கூடும். வளர்ந்த பிள்ளைகளிடம் பெரும்பாலும் உடல் பருமன், உப்பு, குடும்பவழி. இவர்களில் பலருக்கு முதலில் மாத்திரை தேவைப்படாது; சாப்பாட்டை மாற்றி, ஓடியாடி விளையாடினாலே இறங்கும். வெளியே அறிகுறி எதுவும் தெரியாமலே இதயத் தசை தடித்துவிடலாம் என்பதுதான் கவலை.

2013 முதல் நடக்கும் தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு ஆண்டுதோறும் அரசுப் பள்ளிகளுக்கு வருகிறது. உயரம், எடையோடு ரத்த அழுத்தமும் தவறாமல் பதிவாகட்டும். உப்பும் சர்க்கரையும் கொழுப்பும் மிகுந்த பண்டங்களைப் பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 விதி இருக்கிறது. அதற்காக வாசல் கடைக்காரரை விரட்ட வேண்டியதில்லை. சுண்டலும் கொய்யாவும் விற்றால் அவர் பிழைப்பும் நடக்கும். (கொய்யாவில் உப்பு மிளகாய்த்தூள் தூவுவதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.) பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கும் வழக்கத்தைத் தலைமையாசிரியர்தான் நிறுத்த வேண்டும். பெரியவர்களுக்கே நாளுக்கு ஐந்து கிராமுக்குள் உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தைக்கு அதைவிடக் குறைவு. ஊறுகாயும் அப்பளமும் தினமும் தட்டில் விழும் வீட்டில் பிள்ளையை மட்டும் பத்தியம் இருக்கச் சொல்வது நியாயமில்லை.

பள்ளி மேலாண்மைக் குழுக்களில் பெற்றோரே பெரும்பான்மை. குடிநீர், கழிப்பறை பற்றிய தீர்மானங்களுக்குக் கீழே இன்னொரு வரி எழுதலாம்: வருகிற மருத்துவக் குழு பிள்ளைகளின் கைக்கேற்ற பட்டைகளோடு வர வேண்டும், அளவு கூடியவர்களின் பெற்றோருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.