பல்கலைக்கழகம் ஊர்மக்களுக்கு விடை சொல்லட்டும்!

வாலாசாபாத் தொடர்வண்டி நிலையத்தில் ஏற்றப்படும் மகிழுந்துகள் வடபுலம் நோக்கிச் செல்கின்றன. ஒரகடத்திலும் திருப்பெரும்புதூரிலும் உருவானவை அவை. அவற்றை உருவாக்கும் கைகளுக்கு வேண்டிய பட்டங்களையும் பட்டயங்களையும் நம் கல்விநிலையங்கள் ஆண்டுதோறும் வழங்குகின்றன. ஆலை கேட்டால் ஆள் தருகின்றன; அரசு கேட்டால் அறிக்கை தருகின்றன. ஆனால், அவ்வாலைகளுக்கு நிலம் கொடுத்த உழவனும், அங்கே ஒப்பந்தக் கூலியாய் நிற்கும் இளைஞனும் ஓர் ஐயம் கேட்க வேண்டுமெனின், எந்த வாயிலைத் தட்டுவது?

கற்பித்தலும் ஆராய்தலுமே பல்கலைக்கழகத்தின் பணி என்று கூறி அமைவோர் உளர். அவ்விரண்டும் அதன் இரு கண்கள் என்பதை நாமும் மறுக்கவில்லை. ஆனால், கண்ணிருந்தும் ஊரைப் பாராத கண்ணால் ஊர்க்கு என்ன பயன்? மக்கள் வரிப்பணத்தில் வளரும் அறிவு, மக்களிடம் திரும்பி வருதல் வேண்டும். அது மூன்றாவது பணியன்று. முதலிரண்டும் எதற்காக நடைபெறுகின்றனவோ, அதுவே அது.

அண்மை நிகழ்ச்சிகள் இரண்டை நோக்குக. பரந்தூர் வானூர்தி நிலையத் திட்டம் 2022-ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. ஏகனாபுரம் மக்கள் தம் வீட்டையும் வயலையும் ஏரியையும் காக்கப் போராடினர். அப்பகுதியின் நீர்நிலைகளை ஆராய அரசு அமைத்த வல்லுநர் குழுவில் பேராசிரியர்களும் இடம்பெற்றனர். ஏரி நிரம்பினால் வெள்ளம் எவ்வழிச் செல்லும் என்பதை ஆராயும் அறிவு நம் பல்கலைக்கழகங்களில் இருக்கின்றது என்பதற்கு இதுவே சான்று. ஆனால், அவ்வறிவு கோட்டைக்குச் சென்றது, ஊர்மன்றத்திற்கு வரவில்லை. அறிக்கையை எங்களுக்குக் காட்டுங்கள் என்று ஊரார் கேட்க வேண்டிய நிலை நேர்ந்தது. நிலையம் வேண்டும் என்பாரும் வேண்டா என்பாரும் ஒருங்கே ஒப்பத்தக்கது ஒன்றுண்டு: வெள்ளம் தன் வீட்டுக்குள் வருமா என்பதை முதலில் அறியும் உரிமை வீட்டுக்காரனுக்கே உரியது.

மற்றொன்று, சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் ஆலைத் தொழிலாளர் 2024 செபுதம்பர் 9 முதல் 37 நாள் நடத்திய வேலைநிறுத்தம். தொழிற்சங்கத்தைப் பதிவு செய்தலே அங்குத் தலையாய சிக்கல். அன்று நடைமுறையிலிருந்த சங்கச் சட்டமோ 1926-இலேயே இயற்றப்பெற்றது. சங்கம் பற்றிய சட்டத்தை, அதனால் ஆளப்படும் தொழிலாளிக்கு அவன் தாய்மொழியில் விளக்கிச் சொல்வது சட்டப் பல்கலைக்கழகத்தின் கடமையன்றோ?

இது கனவன்று. கனடா நாட்டு அந்திகோனிசு நகரின் புனித பிரான்சிசு சேவியர் பல்கலைக்கழகம் 1928-இல் மக்கள் பணிக்கெனத் தனித்துறை நிறுவிற்று. அதன் ஆசிரியர்கள் மீனவரிடமும் சுரங்கத் தொழிலாளரிடமும் சென்று படிப்பு வட்டங்கள் அமைத்தனர். அவற்றினின்று கூட்டுறவு நிலையங்கள் முளைத்தன. நெதர்லாந்துப் பல்கலைக்கழகங்களோ 1970-களில் 'அறிவியற் கடை'களைத் திறந்தன. ஊரார் கேள்வியைக் கொணர்வர். மாணவரும் பேராசிரியரும் ஆராய்ந்து விடை தருவர். நம் நாட்டிலும், திண்டுக்கல்லை அடுத்த காந்திகிராமத்தில் 1956-இல் தோன்றிய ஊரக நிறுவனம், 1976-இல் பல்கலைக்கழகத் தகுதி பெற்றபின்னும் மாணவரைச் சிற்றூர்களில் தங்கிக் கற்கச் செய்து வருகின்றது.

நாட்டு நலப்பணித் திட்டம் இருக்கின்றதே என்பர். 1969-இல் தொடங்கிய அத்திட்டம் மாணவனிடம் ஆண்டுக்கு 120 மணிநேரம் கேட்கின்றது. நன்று. ஆனால், புல் செதுக்கவும் சுவர்க்கு வெள்ளையடிக்கவும் ஊரார்க்குத் தெரியும். வேதியியல் மாணவன் ஊர்க்குத் தரவேண்டியது துடைப்பமன்று. கிணற்று நீரில் என்ன கலந்திருக்கின்றது என்னும் விடை.

ஆகவே நாம் வேண்டுவது இது. வாலாசாபாத்தில் பல்கலைக்கழகங்கள் கூடி ஒரு வினாக்கூடம் திறக்கட்டும். கிணற்றுநீரின் தன்மை, தென்னேரிப் பாசனம், 2021 வெள்ளத்தில் அவளூர்த் தரைப்பாலம் உடைந்ததன் ஏது, ஒப்பந்தத் தாளின் பொருள், எந்திரத்தில் விரலிழந்தவன் பெறத்தக்க இழப்பீடு ஆகியவற்றை அங்கு எவரும் கேட்கலாம். ஆளில்லை, பணமில்லை என்பது பொருந்தாது. ஆசிரியப் பணியிடங்கள் பல நிரப்பப்படாதிருப்பது உண்மையே. ஆயினும், மாணவர் எப்படியும் ஆய்வேடு எழுதத்தான் போகின்றனர். அதன் தலைப்பு ஊரார் கேள்வியாய் இருக்கட்டும். ஊர்ப்பணி செய்த பேராசிரியர்க்குப் பதவி உயர்வில் அது மதிப்பாகக் கணக்கிடப்படட்டும். விடை கட்டாயம் தமிழில் இருக்கட்டும். கலைச்சொல் இல்லையென்று எவரும் சாக்குச் சொல்ல இயலாது; அண்ணா பல்கலைக்கழகமே 2010-இல் கட்டடப் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழில் கற்பிக்கத் தொடங்கிவிட்டது.

வாலாசாபாத்திற்குத் தெற்கே உத்திரமேரூரில், 919, 921-ஆம் ஆண்டுகளின் பராந்தகன் கல்வெட்டுகள் ஏரி வாரியத்தாரைத் தேரும் முறையை ஊரறியச் சுவரிலே பொறித்து வைத்திருக்கின்றன. அற்றை ஊராட்சியில் எல்லார்க்கும் இடமிருந்ததில்லை. அக்குறையை நாம் மறைக்க வேண்டா. ஆயினும், ஊர்ச்செய்தியை ஊர்நடுவே எழுதி வைத்த அவ்வொழுக்கம் பெரிது. இன்று நம் ஏரியைப் பற்றிய அறிவு எவர் பெட்டியில் பூட்டிக் கிடக்கின்றது?

அன்பர்களே! பல்கலைக்கழகம் தானே நம்மைத் தேடி வருமென்று காத்திராதீர்கள். உங்கள் ஊரின் தலையாய கேள்விகள் மூன்றை ஊரார் கூடி முடிவு செய்யுங்கள். நல்ல தமிழில் எழுதித் துணைவேந்தர்க்கு விடுங்கள். விடை வாராவிடின் மீண்டும் எழுதுங்கள். வரி கொடுத்தவன் கேட்கின்றான். விடை சொல்வது பல்கலைக்கழகத்தின் கடன்.