ரகம் மாறும், சாகுபடி அறிவு நிலைக்கும்

பிளஸ் 2 தேர்வு முடிவு வெளியானால் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் வேறு பேச்சே இருக்காது. கோடை உழவு ஆயிற்றா, வேர்க்கடலை விதை எங்கே கிடைக்கும் என்று விசாரிப்பவர்கள்கூட, "பையனை எதில் சேர்க்கப் போகிறீர்கள்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். கேட்பவருக்கும் தெரியாது, பதில் சொல்பவருக்கும் தெரியாது. கடைசியில் பக்கத்து வீட்டுப் பையன் எதில் சேர்ந்தானோ அதில் நம் பையனையும் சேர்த்துவிட்டு வருகிறோம்.

அரக்கோணத்துக்கு அருகே இரண்டு ஏக்கர் நஞ்சையும் ஒன்றரை ஏக்கர் புஞ்சையும் வைத்துப் பயிர் செய்பவன் நான். இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தவன். வேலைக்கு வழி சொல்ல ஒரு விவசாயிக்கு என்ன தகுதி என்று சிலர் கேட்கலாம். பெய்யுமோ பெய்யாதோ என்று தெரியாத மழையை நம்பித் திட்டம் போடுவதே நம் தொழில். நிலையில்லாத உத்தியோகச் சந்தையைப் பற்றிப் பேச இதைவிட வேறு தகுதி வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன்.

நம் ஊர் கண்ட மாற்றங்கள்

1856ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி, ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடிற்று. அந்தப் பாதையில் அமைந்தது அரக்கோணம். அன்று முதல் இது ரயில் ஊர். நிலம் போதாத குடும்பத்துப் பிள்ளைகள் ரயில்வேயில் சேர்ந்தார்கள். எஞ்சினில் கரி அள்ளிப்போடும் ஃபயர்மேன் வேலை கிடைத்தாலே அந்தக் குடும்பம் கரையேறிவிட்டது என்று ஊர் பேசிற்று.

1980களின் தொடக்கத்தில் மின்சார ரயில் அரக்கோணத்தை எட்டியது. மின்சார எஞ்சின்களுக்கான பணிமனையும் இங்கே வந்தது. கரி எஞ்சின் போயிற்று. அதோடு ஃபயர்மேன் வேலையும் போயிற்று. ஆனால் ரயில் நிற்கவில்லை. முன்னைவிட அதிகமாகவே ஓடுகிறது. அங்கே கரிக்கு இருந்த இடத்தில் மின்சாரம் வந்து உட்கார்ந்தது. அதைக் கற்றுக்கொண்டவனுக்குப் பிழைப்பு இருந்தது.

இச்சிபுத்தூரில் டயர் தொழிற்சாலை வந்தது. 1992இல் ராஜாளி கடற்படை விமானதளம் வந்தது. பிறகு நம் பிள்ளைகளின் பார்வை ஸ்ரீபெரும்புதூர் பக்கம் திரும்பியது. 2006இல் அங்கே நோக்கியா செல்போன் ஆலை தொடங்கியபோது, சுற்று வட்டாரத்துக் கிராமப் பிள்ளைகள், முக்கியமாகப் பெண் பிள்ளைகள், ஆயிரக்கணக்கில் வேலைக்குப் போனார்கள். நாற்று நட்ட கைகள் செல்போன் பூட்டின. எட்டே ஆண்டுகள். வரித் தகராறு ஒரு பக்கம்; செல்போன் வியாபாரத்தை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது இந்த ஆலையை மட்டும் விட்டுவிட்டது மறு பக்கம். 2014 நவம்பர் முதல் தேதியோடு உற்பத்தி நின்றது. 2019இல் சார்ஜர் தயாரிக்கும் சால்காம்ப் நிறுவனம் அதை எடுத்துக்கொள்வதாக அறிவிப்பு வந்தது. பின்னர் அங்கே மறுபடியும் வேலை தொடங்கியது.

மறைமலைநகர் ஃபோர்டு கார் ஆலையின் கதையும் இதுதான். இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக 2021இல் அறிவித்தார்கள். 2022இல் அந்த ஆலை நின்றது. 2024இல், மறுபடி திறக்கும் எண்ணம் உண்டு என்றார்கள்.

ஆலை திறப்பதும் மூடுவதும் நம் கையில் இல்லை. எந்த ஆலையில் சேரலாம் என்பதைவிட, அந்த ஆலை மூடினால் நம் பிள்ளை கையில் என்ன மிஞ்சும் என்பதைத்தான் நாம் முதலில் யோசிக்க வேண்டும்.

ரகமும் சாகுபடியும்

இதை நமக்குத் தெரிந்த பாஷையிலேயே சொல்கிறேன். 1966இல் ஐ.ஆர்.8 நெல் வந்தது. அதன்பின் ஐ.ஆர்.20 வந்தது, ஐ.ஆர்.50 வந்தது. ஐ.ஆர்.50 குலைநோய்க்கு ஆளானபோது கைவிட்டோம். ஆடுதுறை ரகங்கள் வந்தன. ஆந்திராவிலிருந்து பி.பி.டி. 5204 எல்லை தாண்டி வந்து நம் வயல்களைப் பிடித்தது. 2013இல் கோ 51 வெளியாயிற்று. ஒரு ரகம் போனதற்காக எந்த விவசாயியாவது நெல் பயிரிடுவதையே விட்டானா? இல்லை. நாற்றங்கால் விடவும், சேறு கலக்கவும், தண்ணீர் கட்டவும், பூச்சியை அடையாளம் காணவும் அவனுக்குத் தெரிந்திருந்தது. புது ரகத்தின் வயதையும் உர அளவையும் கேட்டுக்கொண்டு அடுத்த பட்டத்தில் இறங்கினான்.

கம்பெனி என்பது ரகம். கைத்தொழில் என்பது சாகுபடி அறிவு. வெல்டர், ஃபிட்டர், எலக்ட்ரீசியன் என்று ஒன்றை முறையாகக் கற்றவன் ஓர் ஆலை மூடினால் அடுத்த ஆலைக்குப் போவான். ரயில்வே பணிமனைக்குப் போவான். ஒன்றுமில்லையென்றால் ஊரிலேயே பம்புசெட்டும் டிராக்டரும் பழுது பார்ப்பான். ஒரே ஆலையில் ஒரே இயந்திரத்தின் ஒரே பொத்தானை எட்டு வருஷம் அமுக்கியவனுக்கு அந்த வசதி இல்லை. அவன் வேறெதுவும் அறியாதது அவன் குற்றமல்ல. அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

ஒரே மழையை நம்பலாமா?

ரயில் ஊரில் இருப்பதால் இன்னொரு மயக்கமும் நமக்கு உண்டு. ரயில்வே வேலை கிடைக்கும் வரை பையன் வேறெதிலும் சேராமல் வீட்டிலிருந்து படிப்பான். 2019இல் ரயில்வேயின் கடைநிலைப் பணியிடங்கள் 1,03,769க்கு விண்ணப்பம் கேட்டார்கள். நாடு முழுவதிலுமிருந்து ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். தேர்வு தொடங்கியது 2022 ஆகஸ்டில். கணக்குப் போட்டுப் பார்த்தால் நூறு பேருக்கு ஓர் இடம்கூட இல்லை. காத்திருந்தது மூன்று ஆண்டு.

தேர்வு எழுத வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவசியம் எழுதட்டும். வடகிழக்குப் பருவமழை வரும் என்று நாமும்தான் காத்திருக்கிறோம். அதற்காக நிலத்தைக் கரம்பாகவா போடுகிறோம்? வேர்க்கடலையில் துவரையை ஊடுபயிராகப் போடுகிறோம். ஒன்று பொய்த்தால் ஒன்று கை கொடுக்கும். பையனும் ஒரு தொழிலைக் கற்றுக்கொண்டே தேர்வு எழுதட்டும். தேறினால் நல்லது. தேறாவிட்டாலும் அந்த மூன்று ஆண்டு வீணாகாது.

விதைநெல்லில் கை வைக்காதீர்கள்

எங்கள் ஊரில் நடந்ததைச் சொல்ல வேண்டும். என் வயதொத்த ஒருவர் தம் கிணற்றடி நிலத்தில் அரை ஏக்கரை மனைக்காரர்களுக்கு விற்று, மகனுக்கு வேலை வாங்கித் தருவதாகச் சொன்ன ஒரு தரகரிடம் பணத்தைக் கொடுத்தார். வேலையும் வரவில்லை; பணமும் வரவில்லை. விற்ற நிலத்தில் இன்று கல் நட்டிருக்கிறது. ஒவ்வொரு நாளும் அந்த வழியாகத்தான் அவர் மாட்டை ஓட்டிக்கொண்டு போகிறார். அந்தப் பக்கம் அவர் திரும்பிப் பார்ப்பதில்லை.

அவருடைய தம்பி மகன் இரண்டு வருஷம் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீசியன் படித்தான். ஒப்பந்தத் தொழிலாளியாக ஓர் ஆலையில் இருந்தான். அது விட்டதும் இன்னொன்றில் சேர்ந்தான். நடுவில் ஆறு மாதம் வேலை இல்லை. அந்த ஆறு மாதமும் ஊரில் மோட்டார் காயில் கட்டினான். வீட்டு நிலத்தில் விளைந்த நெல்லே சாப்பாட்டுக்கு ஆயிற்று. நிலத்தின் அருமை அப்போதுதான் தெரிந்தது என்று அவனே என்னிடம் சொன்னான்.

இன்றைய ஆலை வேலைகளில் பெரும்பகுதி ஒப்பந்த வேலை. வேலைக்கும் வேலைக்கும் நடுவே இடைவெளி வரத்தான் செய்யும். அந்த இடைவெளியைத் தாங்குவது ஒரு ஏக்கர் நிலமும் இரண்டு கறவை மாடும்தான். நிலத்தை விற்று வேலை வாங்குவது விதைநெல்லைக் குத்திச் சோறாக்குவதற்கு ஒப்பாகும்.

நாம் செய்யத்தக்கவை

முதலாவதாக, பத்தாவது முடித்த பிள்ளைக்கும் பிளஸ் 2வில் தவறிய பிள்ளைக்கும் அரசு ஐ.டி.ஐ. உண்டு. வெல்டருக்கு ஓராண்டு, ஃபிட்டர், எலக்ட்ரீசியனுக்கு இரண்டாண்டு. பிறகு 1961ஆம் ஆண்டு சட்டப்படி உதவித்தொகையுடன் ஆலைகளில் அப்ரண்டிஸ் பயிற்சி பெறலாம். அந்தச் சான்றிதழ் எங்கே போனாலும் கூடவே வரும்.

இரண்டாவதாக, கல்லூரியில் சேர்ந்த பிள்ளை பட்டத்தோடு நிற்கக் கூடாது. 2022இல் தமிழக அரசு தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் படிக்கும்போதே தொழிற்பயிற்சி கிடைக்கிறது. கேட்டுப் பெற வேண்டும்.

மூன்றாவதாக, நம் பக்கத்தில் பல வீடுகளில் தமிழும் தெலுங்கும் பேசுகிறோம். திருத்தணி 1960 ஏப்ரல் முதல் தேதி வரை ஆந்திராவோடு இருந்ததுதானே! எல்லைக்கு அப்பால் ஸ்ரீசிட்டியிலும் தொழிற்சாலைகள் இருக்கின்றன. இரண்டு பாஷை தெரிந்தவனுக்கு இரண்டு மாநிலத்திலும் கதவு திறக்கும். பிள்ளைகள் வீட்டுத் தெலுங்கை மறக்கவிடாதீர்கள்.

நான்காவதாக, வேளாண்மையிலும் புது வேலைகள் பிறந்திருக்கின்றன. அறுவடை இயந்திரம் ஓட்ட, நடவு இயந்திரம் பழுது பார்க்க, சொட்டுநீர்க் குழாய் அமைக்க, டிரோன் மூலம் மருந்து தெளிக்க ஆள் தேவைப்படுகிறது. அறுவடைக் காலத்தில் வெளியூர் இயந்திரத்துக்கு நாம் வரிசையில் காத்து நிற்கிறோம்; அதை ஓட்டுபவன் நம் ஊர்ப் பையனாக இருந்தால் என்ன? விரிஞ்சிபுரத்திலும் திரூரிலும் உள்ள வேளாண் அறிவியல் நிலையங்களையும், வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தையும் அணுகிப் பயிற்சி பற்றி விசாரிக்கலாம்.

கடைசியாக ஒன்று. ஆண்டுக்கு ஒரு முறை, ஆடிப் பட்டத்துக்கு விதை தேடும் வேளையில், பிள்ளையை உட்கார வைத்து, "போன வருஷம் தெரியாத எதை இந்த வருஷம் கற்றுக்கொண்டாய்?" என்று கேளுங்கள். சம்பளத்தைப் பிறகு கேட்கலாம். பதில் சொல்ல அவன் திணறினால், வேலை இருக்கும்போதே அடுத்ததைக் கற்க அனுப்புங்கள். நிலம் காய்ந்த பிறகு கிணறு வெட்டுவதால் அந்தப் போகத்துப் பயிர் பிழைக்காது.